தளபதிகளுக்கு மட்டும் பெயர் உண்டு

மடுல்கெல்லப் பகுதியிலே தமிழ் கற்பிக்கும் நாம், சென்ற தவணையில் பத்தாந்தர மாணவன் ஒருவனின் கட்டுரைக் கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணையைக் கண்டோம். சூக்கோவ், மான்ஸ்டைன், குடேரியன், றொமெல், றொக்கோசொவ்ஸ்கி என்று பெயர்கள்; காலாள், டாங்கி, பீரங்கி, கடற்படை, வான்படை என்று கட்டங்கள்; கட்டங்களுக்குள்ளே நட்சத்திரங்கள். கீழே ஒரு குறிப்பு: "மலிவானவனை வாங்காதே. மான்ஸ்டைனுக்குச் சேர்த்து வை."

முன்பக்கத்தில் இருந்த கட்டுரையோ 'நான் விரும்பும் பெரியார்' என்பது. ஏழு வரியோடு நின்றுபோயிருந்தது.

"மான்ஸ்டைன் யார் தம்பி?" என்று கேட்டோம்.

"டாங்கிக்கு நல்ல ஆள் சேர். ஆனா மெடல் நெறைய வேணும்" என்றான்.

'வேர்ல்ட் கொன்கரர் 4' என்பது கைத்தொலைபேசியில் ஆடப்படும் ஒரு போர் விளையாட்டு. 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் களங்கள் அதிலே அறுகோணக் கட்டங்களாக விரிகின்றன. ஆடுபவர் பதக்கம் கொடுத்துத் தளபதிகளை வாங்கலாம். மேலும் பதக்கம் கொடுத்து அவர்களுடைய பதவியை உயர்த்தலாம், திறன்களைக் கூட்டலாம். பதக்கம் வெற்றியினாலும் கிடைக்கும். காசு கொடுத்தாலும் கிடைக்கும். இத்தகைய விளையாட்டுகள் இன்று பல. 2018இல் வந்த 'ரைஸ் ஒஃப் கிங்டம்ஸ்' என்பதிலே அலெக்சாந்தரையும் சந்திரகுப்த மௌரியனையுங்கூட அதிர்ஷ்டத்தால் பெறலாம். அதே 2018இல் பெல்ஜியம் நாட்டார் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தனர்.

இதனை மூடர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் ஆசிரிய நண்பர்கள் ஒருமுறையேனும் ஆடிப் பார்த்தவரல்லர். நாம் ஆடிப் பார்த்தோம். (இரண்டு வாரம் உறக்கம் கெட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.) சாதாரணத் தளபதிகள் மூவரினும் தேர்ந்த தளபதி ஒருவனே பயன்படுவான், டாங்கிக்கு உரியவனைப் பீரங்கிக்கு வைத்தால் இரண்டும் கெடும், பதக்கங்களை எல்லோருக்கும் சிறிது சிறிதாக இறைப்பவன் கடினமான களத்தில் தோற்பான். பொருட்பாலிலே வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இவ்வறிவைப் புகட்டவே அன்றோ? பொழிப்புரையால் நாம் கரும்பலகையை நிரப்பியும் ஏறாத பொருள், இந்தச் சிறுவனுக்கு லயத்து வாசலில் அமர்ந்து ஆடிய ஆட்டத்தில் ஏறியிருக்கின்றது. அவனுடைய அறிவைப் பழிக்க எமக்கு மனமில்லை. அந்த அறிவு எவருடைய கணக்குக்குப் போகின்றது என்பதே எம்முடைய வழக்கு.

அட்டவணையில் உள்ளவர்களையே எடுத்துக்கொள்வோம். மான்ஸ்டைன் 1949 டிசம்பரில் ஹம்பேர்க் நகரில் பிரித்தானிய இராணுவ நீதிமன்றத்தினால் போர்க் குற்றங்களுக்காகப் பதினெட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றவர். தண்டனை குறைக்கப்பட்டு 1953இல் வெளியே வந்தவர். குடேரியனுக்கு ஹிட்லர் பரிசளித்தது ஒரு பெருந்தோட்டம். அது போலந்து மக்களிடமிருந்து பறித்த மண்ணிலே இருந்தது. ஹிட்லரின் பீல்ட் மார்ஷல்களுக்குச் சம்பளத்துக்கு மேலே மாதந்தோறும் 4,000 ரைக்ஸ்மார்க் இரகசியமாகக் கொடுக்கப்பட்டு வந்தது. தளபதியைப் பணத்தால் 'உயர்த்துவது' விளையாட்டு நிறுவனங்களின் கற்பனை என்று எவரும் எண்ணவேண்டாம்.

பதவி உயர்வின் மெய்ப்பொருளை அறிய விரும்புவோர் ஸ்டாலின்கிராட்டைப் பார்க்கவேண்டும். 1943 ஜனவரி 30ஆம் நாள், சுற்றி வளைக்கப்பட்டுப் பசியாலும் குளிராலும் செத்துக்கொண்டிருந்த ஜெர்மானிய ஆறாவது படையின் தளபதி பவுலசைப் பீல்ட் மார்ஷலாக உயர்த்தினான் ஹிட்லர். ஜெர்மானியப் பீல்ட் மார்ஷல் எவரும் அதுவரை சரணடைந்ததில்லை. ஆகவே அந்தப் பதவி உயர்வின் பொருள், "தற்கொலை செய்துகொள்" என்பதே. பவுலஸ் மறுநாள் சரணடைந்து உயிர் தப்பினார். அவருடன் சிறைப்பட்ட சுமார் 91,000 வீரரிலே ஊர் திரும்பியவர் ஆறாயிரம் பேருக்கும் குறைவு. பவுலஸ் என்ற பெயரைப் புத்தகந்தோறும் காண்கிறோம். அந்தத் தொண்ணூறாயிரத்தில் ஒருவன் பெயரை வாசகர் எவரேனும் சொல்ல முடியுமா?

எதிர்த்தரப்பாரைப் பற்றி மட்டும் பேசி நிறுத்திக்கொள்வது எம் பக்கத்தாரின் பழைய நோய். றொக்கோசொவ்ஸ்கியை 1937இல் கைதுசெய்து வதைத்தது ஸ்டாலினுடைய காவற்றுறை. 1940இல் விடுவித்தார்கள், 1944இல் மார்ஷலாக்கினார்கள். அன்றிருந்த ஐந்து சோவியத் மார்ஷல்களில் மூவர் அக்களையெடுப்பிலே அழிந்தார்கள். அந்தச் சிறுவனின் அட்டவணையில் இவையெல்லாம் நட்சத்திரங்களாக மட்டுமே நிற்கின்றன.

காசுக்குப் பதவி என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. பிரித்தானியப் படையிலே காலாள், குதிரைப் படைகளின் அதிகாரப் பதவிகள் 1871 வரை விலைக்கு விற்கப்பட்டன. கார்டிகன் பிரபு தமது கேணல் பதவியைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர். 1854 ஒக்டோபர் 25ஆம் நாள் பலக்லாவாவில், அறுநூற்றுக்கு மேற்பட்ட குதிரை வீரரை நேரே ருசியப் பீரங்கிகளின் வாய்க்குள் இட்டுச் சென்றவரும் அவரே. கட்டளை மேலிடத்துப் பிழை என்பர். ஆயினும் விலைகொடுத்த பதவிக்கு வீரர் செலுத்திய வட்டி அது. வழக்கொழிந்து நூற்றைம்பது ஆண்டு கடந்த அம்முறை இன்று கைத்தொலைபேசிக்குள் மறுபிறவி எடுத்திருக்கின்றது. எம் மாணவன் பதக்கங்களை ஆடியாடிச் சேர்ப்பவன்; தகப்பனின் வங்கி அட்டையில் வாங்குகின்ற நகரத்துப் பையன் ஒரே மாலையில் அவனைத் தாண்டிவிடுகிறான். "காசு போட்டவன் முந்திருவான் சேர்" என்று அவனே சொன்னான். அவன் வீட்டின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டுவதற்கு 2021 வரை போராடவேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டோம்.

இனி, எம் ஊருக்கு வருவோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தளபதிகள் தூரதேசத்தார் என்ற எண்ணம் இருக்கின்றது. உண்மை வேறு. வோட்டர்லூவிலே வெலிங்டனுடைய படையின் நிருவாகத் தளபதியாக நின்று காயமுற்ற எட்வர்ட் பார்ன்ஸ், 1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு–கண்டி வீதியை அமைத்தவர் அவர். பேராதனைக்கு எதிரே கன்னொருவையிலே கோப்பி பயிரிட்டவரும் அவர். அவரைப் பின்பற்றி இராணுவ அதிகாரிகளும் அரச அதிகாரிகளும் கண்டி மலைகளைக் கோப்பிக் காடாக்கினார்கள். அந்தக் காடுகளை வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் நடந்து வந்தவர்களே எம் மாணவரின் முன்னோர். வழியிலே விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை.

பட்டாளத்தாரின் பழக்கம் தோட்டத்தின் மொழியிலே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. காலையில் தொழிலாளர் அணிவகுத்து நிற்பதை எம் மக்கள் 'பெரட்டு' என்கிறார்கள். பட்டாளத்தின் 'பரேட்' என்ற சொல்லே அது. குடியிருப்பு 'லயம்'; சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைக்கும் ஆங்கிலத்தில் அச்சொல்லே. பெரிய கங்காணிக்கு வேலைக்கு இறங்கிய ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று 'தலைக்காசு' உண்டு. 'துண்டு' முறையிலோ, தொழிலாளரின் கடனைக் கட்டி ஆட்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்; அது 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. தளபதிக்குப் பெயர், படைக்கு எண்ணிக்கை என்ற கணக்கை எம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் புதிதாகக் கற்கவில்லை. அவர்களுடைய பாட்டன்மார் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் எண்ணாக நின்றவர்கள். இன்று பேரன் துரையின் நாற்காலியில் அமர்ந்து அதே கணக்கைப் போட்டு மகிழ்கிறான்.

மாணவன் ஆடுகின்ற அதே இரண்டாம் உலகப் போர் கண்டிக்கு வந்த கதையும் ஒன்றுண்டு. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. சேர்ச்சில் தேர்ந்தெடுத்த மவுண்ட்பேற்றன் பிரபு பேராதனைப் பூங்காவிலிருந்து பர்மியப் போரை நடத்தினார். நாம் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் உள்ள அந்தப் பூங்காவிலே வழிகாட்டிகள் இன்றும் அவருடைய பெயரைச் சொல்வார்கள். அவர் வருவதற்கு முன்னரே, 1942, 43ஆம் ஆண்டுகளில், சீயத்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீற்றர் இரயில்பாதை ஒன்றை அமைத்தார்கள். அதிலே மடிந்த நேசநாட்டுக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர். மடிந்த ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கு. அவர்களிற் பெரும் பகுதியினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து இட்டுச் செல்லப்பட்ட தமிழர், எம் மலையகத்தாரைப் போலவே கங்காணியின் பின்னால் கடல் கடந்தவர்கள். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000, பெயர் பொறித்து, புல் வெட்டி, ஒழுங்காக இருக்கின்றன. தமிழருக்கு அத்தகைய வரிசை இல்லை. அந்தப் பாதையைப் பற்றி 1957இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படத்தை எம் நாட்டின் கித்துல்கலையிலேதான் எடுத்தார்கள். அதன் கதையும் ஒரு கேணலின் பிடிவாதத்தைச் சுற்றியே சுழன்றது.

"விளையாட்டிலே பிணத்தையா காட்டச் சொல்கிறீர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் முன்னோர் காட்டினார்களே! செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணி பாடியது குலோத்துங்கனையும் அவன் தளபதி கருணாகரத் தொண்டைமானையும் புகழ்வதற்குத்தான். ஆயினும் களத்திலே பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்ற காட்சியை அவர் மறைக்கவில்லை. ஏனாதிப் பட்டமும் மோதிரமும் தளபதிக்குக் கொடுத்த அதே சமூகம், ஆநிரை மீட்டு இறந்த ஊர்ச் சாதாரணனுக்கும் நடுகல் நாட்டிப் பெயர் எழுதியது. மன்னராட்சியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அளவு நேர்மைகூட இந்த நூற்றாண்டின் வியாபாரிக்கு இல்லையே என்றுதான் சொல்கிறோம்.

இதனினும் பெரிய பொய் ஒன்று உண்டு. விளையாட்டில் ஏவிய இடத்துக்குப் படை போகும். "போகமாட்டேன்" என்று சொல்லும் சிப்பாய்க்கு அங்கே கட்டம் இல்லை. வரலாற்றில் அவன் உண்டு. 1630இல் ஊவாவின் மீது படையெடுத்த போர்த்துக்கேயக் கப்டன் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு த சா திறமையில் குறைந்தவரல்லர். நட்சத்திரம் இடுவதானால் நிறையவே இடலாம். ரந்தெனிவெலையிலே அவருடைய உள்ளூர் லஸ்கரின் படையினர் கண்டியரின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் அங்கேயே வீழ்ந்தார். 1942 மே மாதம் கொக்கோஸ் தீவிலே பிரித்தானிய அதிகாரியை எதிர்த்துக் கிளர்ந்த இலங்கைப் பீரங்கிப் படையினரில் மூவரை ஓகஸ்ட்டில் தூக்கிலிட்டார்கள். கிரேஷன் பெர்னாண்டோ அவர்களின் தலைவர். தோட்டத்திலும் அவன் உண்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தன், பெரட்டுக்குப் போக மறுத்தவர்களில் ஒருவன். இவர்களுக்கு எத்தனை நட்சத்திரம்?

கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டுங்கள் என்பார் சிலர். பூட்டினோம், பிள்ளைகள் அட்டவணையைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். "வெறும் விளையாட்டுத்தானே" என்பார் வேறு சிலர். மான்ஸ்டைன் என்ற பெயரை அந்தப் பையனுக்குக் கற்பித்தது எமது வரலாற்றுப் புத்தகமா, அந்த வெறும் விளையாட்டா?

நாம் செய்தது சிறிய காரியம். அட்டவணையைக் கிழிக்கவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மேலும் இரண்டு கட்டங்கள் கீறச் சொன்னோம்: அவன் ஏவலால் இறந்தவர் எத்தனை பேர், அவன் ஏவலை மறுத்தவர் யார். முதற் கட்டத்துக்கு நூலகத்தில் ஓரளவு விடை கிடைத்தது. இரண்டாவது கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றது. பிறகு, வீட்டிலே பழைய செக்ரோல் துண்டோ பாட்டனின் பெயரெழுதிய கடதாசியோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்றோம். இதுவரை நால்வர் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருத்தி கொண்டுவந்ததில் பெயர் கறையானுக்குப் போய்விட்டது. இலக்கம் மட்டும் மிஞ்சியிருக்கின்றது.

பாடத்திட்டத்தில் இல்லாததை ஏன் செய்கிறீர், சாதாரணதரப் பரீட்சை அடுத்த ஆண்டு வருகிறதே என்று சக ஆசிரியர் ஒருவர் குறைபட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தப் பையனின் கட்டுரை இன்னும் ஏழு வரியில்தான் நிற்கின்றது. வெள்ளிக்கிழமை அதை மறுபடியும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம்.