ஓடி வருகிறவர்களுக்கு மறுபயிற்சி எங்கே?

எங்கே தீப்பிடித்தாலும் ஜனங்கள் 101-க்குப் போன் போடுகிறார்கள். சிவப்பு வண்டி வந்து நின்றதும் "வந்துட்டாங்கப்பா, இனிமே கவலையில்லே" என்று பெருமூச்சு விடுகிறார்கள். எரிகிற கடைக்குள் என்ன இருக்கிறது என்று தெருவில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பல சமயம் உள்ளே போகிற வீரருக்கும் தெரியாது! ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2017 ஜூலை. சென்னை கொடுங்கையூரில் ராத்திரி நேரம், ஒரு பேக்கரியில் தீ. அணைக்கும்போது சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் பலியானார். வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்திலும் பலர் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

2020 நவம்பர், தீபாவளி சமயம். மதுரையில் பழைய கட்டடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் மாண்டார்கள். ஊரே பண்டிகை கொண்டாட, இரண்டு வீடுகளில் ஒப்பாரி!

இவர்களுடைய வீரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மாலை போட்டு, நிவாரணம் கொடுத்து, வணக்கம் சொல்லிவிட்டால் போதுமா? அடுத்த வீரர் உயிரோடு வீடு திரும்ப என்ன வழி? அதைத்தான் கேட்க வேண்டும்.

1944 ஏப்ரல் 14. பம்பாய் துறைமுகத்தில் ஒரு கப்பல் எரிந்தது. பஞ்சு மூட்டைகளோடு வெடிமருந்தும் அதற்குள் இருந்தது. கப்பல் வெடித்துச் சிதறியதில், அணைக்கப் போன தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் நடக்கிறது. பஸ் நிலையத்தில் செய்து காட்டுகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது. எட்டாவது நாள் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்!

வீரர்களுக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. தாம்பரத்தில் பயிற்சி நிலையம் இருக்கிறது. அதிகாரிகள் மேல்படிப்புக்கு நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. 1956-லேயே தொடங்கிய கல்லூரி அது. கேள்வி என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்தபோது கற்றது ஓய்வு பெறும் வரை போதுமா?

போதாது! 30 வருஷத்துக்கு முன்னே எரிந்தது கூரை வீடு, விறகுக் கடை, பஞ்சு குடோன். இன்றைக்கு எரிவது ஏ.சி. போட்டு, கண்ணாடியால் மூடி, பிளாஸ்டிக் அடைத்த மாடிக் கட்டடம். உள்ளே விஷப்புகை. கதவைத் திடீரென்று திறந்தால் காற்று புகுந்து தீ வெளியே பாயும். பேட்டரி ஸ்கூட்டர் வேறு வந்துவிட்டது. அந்த பேட்டரித் தீ அணைந்த மாதிரி இருக்கும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் பிடிக்கும். 1995-ல் சேர்ந்தவருக்கு அன்றைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

2017 மே 31-ந் தேதி தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை எரிந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அந்த மாதிரி இடத்தில் தண்ணீரை விட முக்கியம் அதிகாரியின் முடிவு. சுவரில் விரிசல் எப்படி ஓடுகிறது, கூரை தொய்கிறதா, எத்தனை மணி நேரமாக எரிகிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். "உள்ளே போ" என்று சொல்வது சுலபம். "வெளியே வா" என்று சரியான நேரத்தில் சொல்லத்தான் படிப்பு வேண்டும்.

"இருக்கிற ஆளே பத்தலே. பயிற்சிக்கு அனுப்பினா வண்டியிலே யார் போறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் தாம்பரம் போக வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் அந்தந்த நிலையத்து வீரர்கள் தங்கள் எல்லையில் உள்ள கடைத்தெருவில் வண்டியோடு ஒரு சுற்று வரட்டும். சிலிண்டர் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, பின்வாசல் உண்டா, வண்டி எதுவரை போகும் என்று குறித்துக் கொள்ளட்டும். அதுவே பாதிப் பயிற்சி. செலவு அதிகமில்லை.

தொண்டர்கள் சங்கதியும் இதேதான். ஊர்க்காவல் படை இருக்கிறது. ஆப்த மித்ரா திட்டத்தில் இளைஞர்களுக்கு 12 நாள் பேரிடர்ப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கற்றதைத் தொடாமல் விட்டால் கை மறந்துவிடும். சான்றிதழ் தீயை அணைக்காது!

தொண்டர் என்றால் நெருப்புக்குள் பாய வேண்டும் என்று அர்த்தமில்லை. 101 அல்லது 112-க்குப் போன் செய்வது, மின்சாரத்தை நிறுத்துவது, வண்டிக்கு வழி விடுவது, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது, "உள்ளே இத்தனை சிலிண்டர் இருக்கு" என்று வீரரிடம் சொல்வது. இவ்வளவுதான். கொடுங்கையூர் மாதிரி இடத்தில் கூட்டம் தள்ளி நின்றாலே எத்தனையோ பேர் காயமில்லாமல் தப்பலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரில் சிவப்புக் குழாய் மாட்டி வைத்தால் மட்டும் போதாது. ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்து அடிக்கக் கடைப் பையனுக்குத் தெரியுமா? சின்ன அணைப்பான் ஒரு நிமிஷம் கூட வராது. அந்த நேரத்தில் லேபிளைப் படித்துக் கொண்டிருக்க முடியுமா?

அரசு செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு வீரருக்கும் அதிகாரிக்கும் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு முறை மறுபயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். யார் போனார், யார் போகவில்லை என்று கணக்கை வெளியிட வேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் தெருவுக்குப் பத்துப் பேரைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

புது வண்டி வாங்கினால் கொடியசைக்க ஆள் வருகிறார்கள். அந்த வண்டியில் போகிற மனிதர் பத்திரமாகத் திரும்பி வரவும் பணம் ஒதுக்குங்கள்!