ஓட்டு இல்லாதவர் கேட்ட கணக்கு

1902 மார்ச் 26 அன்று கல்கத்தாவில், வைசிராய் கர்சன் தலைமையில் கூடிய சட்டசபையில் கோபால கிருஷ்ண கோகலே தன் முதல் பட்ஜெட் உரையை நிகழ்த்தினார். அவருக்கு வயது 35. கையில் ஓட்டு கிடையாது. 1892-ம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களுக்கு பட்ஜெட் மீது பேச இடம் தந்ததே தவிர, அதை ஏற்கவோ, மறுக்கவோ, ஒரு ரூபாயைக் குறைக்கவோ அதிகாரம் தரவில்லை. சபையில் அதிகாரிகளுக்கே பெரும்பான்மை. தான் பேசி முடித்ததும் பட்ஜெட் அப்படியே நிறைவேறும் என்பது தெரிந்துதான் கோகலே எழுந்து நின்றார். ஓட்டுரிமை உள்ள நம் எம்.பி.க்கள் கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவுக்கு வாய் திறக்காமல் ஒப்புதல் தரும் இந்தக் காலத்தில், அந்த உரையை நினைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

அன்று அரசு பெருமையோடு காட்டியது உபரியை. தொடர்ந்து பல ஆண்டுகளாக வரவு செலவை மிஞ்சியது. ஆகவே நாடு செழிக்கிறது என்பது அரசின் வாதம். பஞ்சமும் பிளேக்கும் ஊர்களைக் காலிசெய்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஃபெர்குசன் கல்லூரியில் கணிதமும் கற்பித்த கோகலே அந்த உபரியைப் பிரித்துக் காட்டினார். லண்டனுக்கு ஆண்டுதோறும் பவுனில் கட்ட வேண்டிய பெருந்தொகை இந்தியாவின் தலையில் இருந்தது. ரூபாயின் மதிப்பு 13 பென்ஸாக இருந்தபோது ஒரு பவுனுக்கு ஏறத்தாழ பதினெட்டரை ரூபாய் தேவை. அரசு நாணயச் சாலைகளை மூடி அந்த மதிப்பை 16 பென்ஸுக்கு ஏற்றிய பிறகு 15 ரூபாய் போதும். செலவு குறைந்தது, ஆனால் ரூபாய் சரிந்த காலத்தில் ஏற்றிய வரிகள் குறையவில்லை. ஆக, உபரி என்பது செழிப்பின் அடையாளம் அல்ல, தேவைக்கு மேல் பிடுங்கிய வரியின் மிச்சம். அந்த வரிகளில் முதன்மையானது உப்பு வரி. ஒரு மணங்கு, அதாவது சுமார் 37 கிலோ உப்புக்கு இரண்டரை ரூபாய். கூலிக்காரரும் ஜமீன்தாரும் ஒரே அளவில் கட்டிய வரி அது.

அடுத்த ஆண்டே, 1903-ல், உப்பு வரி இரண்டு ரூபாயானது. வருமான வரி விலக்கு வரம்பு 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 1905-ல் உப்பு வரி ஒன்றரை ரூபாய்க்கும், 1907-ல் ஒரு ரூபாய்க்கும் இறங்கியது. இதெல்லாம் கோகலே ஒருவரின் சாதனை என்று சொன்னால் மிகை. காங்கிரஸ் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கோரிக்கை அது; அரசின் கஜானாவும் நிறைந்திருந்தது. அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. அவருடைய தொடக்கக் கல்வி மசோதா 1912-ல் 13-க்கு 38 என்ற கணக்கில் தோற்றது. ஆனாலும், உபரியைக் காட்டிப் பெருமைப்பட்ட அரசு, அதே உபரியை வைத்துக்கொண்டு வரியைக் குறைக்க மறுப்பதை அவருடைய கணக்கு கடினமாக்கியது. பேச்சின் பலன் அன்றைய வாக்கெடுப்பிலேயே தெரிய வேண்டும் என்பதில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவு, ஒவ்வொரு மானியக் கோரிக்கையையும் ஏற்கவும், மறுக்கவும், குறைக்கவும் மக்களவைக்கு அதிகாரம் தருகிறது. ஒரு குறிப்பிட்ட குறையைச் சபையில் எழுப்ப, நூறு ரூபாயை மட்டும் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரவும் விதி இருக்கிறது. நடைமுறையில், ஒரு கூட்டத்தொடரில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே விவாதத்துக்கு வருகின்றன. மீதி அனைத்தும் கடைசி நாளில் ‘கில்லட்டின்’ முறையில் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன. 2018 மார்ச் 14 அன்று எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அமளிக்கு நடுவே சுமார் அரை மணி நேரத்தில் முடிந்தன. 2023 மார்ச் 23 அன்று 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டின் கோரிக்கைகள் விவாதமின்றி நிறைவேறின. இதை ஒரு கட்சியின் குற்றமாகச் சுருக்க முடியாது. காங்கிரஸ் கூட்டணி ஆண்ட 2004-லும் 2013-லும் இதேதான் நடந்தது.

உண்மையான ஆய்வு நிலைக்குழுக்களில் நடக்கிறதே என்பார்கள். 1993-ல் தொடங்கி இன்று 24 ஆக இருக்கும் துறைசார் நிலைக்குழுக்கள் பயனுள்ளவைதான். ஆனால் அவை மூடிய அறையில் கூடுகின்றன. அவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. சபையில் விவாதம் இல்லையென்றால் அந்த அறிக்கையை முன்வைத்து அமைச்சரை மக்கள் முன் பதில் சொல்லவைக்க வழியில்லை. கொறடாவின் உத்தரவும் 1985-ன் கட்சித் தாவல் தடைச் சட்டமும் இருக்கும்போது பேசி என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு கேள்வி. வாக்கைத்தான் கொறடா கட்டுகிறார். கணக்குக் கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எதிர்க்கட்சிக்கு அமளி ஒன்றே ஆயுதம் என்பதும் சரியல்ல. அமளி நடக்கும் நாளில் அமைச்சருக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சமாகிறது. எதிர்க்கட்சியின் புகாருக்கு நேரம் ஒதுக்க மறுத்து அந்த அமளிக்கு வழிவிடும் ஆளுங்கட்சிக்கும் இதில் சம பங்கு உண்டு.

சட்டத் திருத்தம் ஏதும் இதற்குத் தேவையில்லை. மானியக் கோரிக்கைகளுக்கான நாட்களில் அமளி செய்வதில்லை என்று எதிர்க்கட்சிகளும், அந்த நாட்களைச் சுருக்குவதில்லை என்று அரசும் ஒப்புக்கொண்டால் போதும். வாசகர்களும் ஒன்று செய்யலாம். மக்களவை விவாதங்கள் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது, சாலையும் குடிநீரும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இந்த ஆண்டு எந்தத் துறையின் மானியக் கோரிக்கை மீது பேசினீர்கள்?