டண்டாஸ் தொட்டிப்பாலமும் அதன் தண்ணீரும்

இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்து சில மைல் தொலைவில், லிம்ப்ளி ஸ்டோக் கிராமத்துக்கு அருகே, ஏவான் ஆற்றின் தலைக்கு மேலே ஒரு கால்வாய் போகிறது. கென்னெட் – ஏவான் கால்வாயைச் சுமந்து நிற்கும் அந்தத் தொட்டிப்பாலத்தின் நீளம் சுமார் 150 கஜம். தேன் நிறக் கல்லில் மூன்று வளைவுகள். நடு வளைவின் அகலம் மட்டும் 64 அடி. ஜான் ரென்னி வடிவமைத்து 1805இல் முடிந்த இந்தப் பாலத்துக்குக் கால்வாய்க் கம்பெனியின் முதல் தலைவர் சார்லஸ் டண்டாஸின் பெயரைச் சூட்டினார்கள்.

இதில் போனவை பெரும்பாலும் நிலக்கரிப் படகுகள். சாமர்செட் நிலக்கரிக் கால்வாய் வந்து சேர்ந்ததும் இந்த இடத்தில்தான். நிலக்கரி போவதற்கு நாலு சுவரும் உறுதியான அடித்தளமும் போதும். ரென்னிக்கு அது போதவில்லை. கிரேக்கக் கோயிலில் இருப்பது போன்ற டோரிக் அரைத்தூண்களை முகப்பில் பதித்தார். மேலே அகன்ற கொடுங்கை வைத்தார். இரு முனைகளிலும் உருட்டுத் தூண் வரிசைகளை நிறுத்தினார். சரக்குப் பாதைக்கும் அழகு வேண்டும் என்று நினைத்த காலத்தின் தன்னம்பிக்கை அந்தக் கல்லில் தெரிகிறது. அதைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கல் ரென்னி விரும்பிய கல் அல்ல. இந்தக் கால்வாய் வேலைக்குச் செங்கல்தான் நம்பகமானது என்பது அவர் கருத்து. கம்பெனிக்கோ சொந்தக் கல்குவாரிகள் இருந்தன. குவாரியைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல்லுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பாத் கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். வெட்டியெடுக்கும்போது ஈரமாக, உளிக்கு இணக்கமாக இருக்கும். ஈரம் காயுமுன் சுவரில் ஏற்றினால், குளிர்காலத்தில் உள்ளிருக்கும் நீர் உறைந்து விரியும். கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தத் தொல்லை கட்டும்போதே தொடங்கிவிட்டது. கணக்குப் பார்த்துச் செய்த அந்த முடிவின் விளைவைத்தான் இன்று நாட்டின் சொத்தாகப் போற்றுகிறோம்.

1810இல் கால்வாய் முழுவதும் திறந்தது. பிரிஸ்டலையும் லண்டனையும் இணைக்கும் ரயில் 1841இல் வந்ததும் அதன் வருமானம் சரிந்தது. 1852இல் அந்த ரயில் கம்பெனியே கால்வாயை வாங்கிக்கொண்டது. தொட்டிப்பாலத்தில் கல் உதிர்ந்த இடங்களில் கருநீலச் செங்கல்லை வைத்து அடைத்தார்கள். நிறமும் சேரவில்லை, அளவும் சேரவில்லை.

1951இல் இந்தத் தொட்டிப்பாலம் பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டனில் கால்வாய்க் கட்டுமானம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. மூன்றே ஆண்டுகளில், 1954இல், நீர்க்கசிவு தாங்காமல் அதை மூடினார்கள். பின்னர் தண்ணீர் வற்றி, படகு போன தடத்தில் மனிதர்கள் நடந்தார்கள். கல்லை இடிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. அதில் தண்ணீர் விட வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சின்னம் என்ற அறிவிப்போடு கடமை முடிந்ததாக நினைக்கும் எந்த அரசும் இந்த மூன்று ஆண்டுகளை மனத்தில் வைக்க வேண்டும்.

தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு சாதாரண மக்களுடையது. அதற்குள் அரசின் கைக்கு வந்துவிட்ட கால்வாயைப் பராமரிக்கும் பொறுப்பைக் கைகழுவ அதன் நிர்வாகம் முயன்றபோது, 1956இல், ஏறத்தாழ 22,000 பேர் கையெழுத்திட்ட மனு நீர்வழியாகவே லண்டனுக்குப் போனது. பிறகு வார இறுதிகளில் தொண்டர்கள் சேற்றில் இறங்கி மண் அள்ளினார்கள். 1984இல் தொட்டிப்பாலம் மீண்டும் திறந்தது.

அந்தப் பழுதுபார்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய முறைப்படி குழைத்த களிமண்ணை மிதித்து இறுக்கி நீர்க்காப்பு செய்யவில்லை. உள்ளே பாலித்தீன் விரித்து, அதன்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் போட்டார்கள். வெளிமுகத்தில் ரயில்வே செங்கல்லை எடுத்துவிட்டு மீண்டும் பாத் கல்லைப் பதித்தார்கள். ரென்னியின் கட்டடத்துக்குள் கான்கிரீட்டா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தண்ணீரைத் தாங்குவதற்காகப் பிறந்த கட்டடம் இது. களிமண்ணைக் காப்பாற்றப் போய்த் தண்ணீரை இழப்பதில் எந்தத் தொன்மையும் இல்லை. செங்கல்லில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்ததும் நல்ல முடிவு. வறண்ட வருமானத்தில் ஒரு கம்பெனி போட்ட ஒட்டும் இந்தப் பாலத்தின் வரலாறுதான்.

முழுக் கால்வாயும் மீண்டும் திறந்ததை 1990இல் எலிசபெத் ராணி வந்து அறிவித்தார். 2012இல் அரசின் பொறுப்பிலிருந்து ஓர் அறக்கட்டளையின் கைக்குக் கால்வாய் மாறியது. நன்கொடையும் தொண்டும் எவ்வளவு வந்தாலும், கசிவை அடைக்கவும் கரையைப் பலப்படுத்தவும் ஆண்டுதோறும் நிச்சயமான பணம் வேண்டும். சட்டத்தால் சின்னத்தை அறிவித்த அரசே அந்தப் பணத்தில் பெரும்பங்கைத் தர வேண்டும்.