நூலகருக்கு வீட்டுப் பணி: எது வரை?

பேரிடர் நாள்களில் நூலகப் பணியாளர்கள் வீட்டிலிருந்தே பணிபுரிய எழுத்துவடிவ விதி வேண்டும். ஆனால் அது வாசிப்பறைக் கதவைச் சாத்துவதற்கான சாக்காகிவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2020 பொதுமுடக்கத்தையும் கண்ட கடலூர் மாவட்டத்துக்கு, வடகிழக்குப் பருவமழை நெருங்கும் இவ்வேளையில், இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் நூலகங்களில், ஆசிரியர், பொருள், பகுப்பெண் முதலிய விவரங்களைப் பதிவுசெய்யும் பட்டியலாக்கமும், ஆய்வாளர் கேட்கும் மின்னிதழ்க் கட்டுரைகளைத் தேடித் தருவதும், மின்னுருவாக்கிய பக்கங்களைச் சரிபார்ப்பதும் கணினியும் இணையமும் உள்ள எவ்விடத்திலிருந்தும் நடக்கக்கூடியவை. மின்சாரமும் இருக்க வேண்டும் என்பதைத் தானே புயலைக் கண்ட மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. பொது நூலகத்தின் நிலை வேறு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் மக்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் முதல் நாளிதழ் தேடி வரும் முதியவர் வரை, திறந்த கட்டடத்தையும் அங்கிருக்கும் பணியாளரையும் எதிர்பார்ப்பது அவர்களது உரிமை. ஒருவரே பொறுப்பு வகிக்கும் ஊர்ப்புற நூலகத்தில் அவர் வீட்டிலிருந்தால் நூலகமே இல்லை. ஆகவே, மாவட்ட ஆட்சியர் பேரிடர் எச்சரிக்கை விடுக்கும் நாள்களுக்கு மட்டும், மேற்சொன்ன பணிகளுக்கு மட்டும் இவ்வனுமதியை வரையறுத்து, மடிக்கணினி, இணையச் செலவுகளை நிறுவனமே ஏற்கச் செய்து, வீட்டுப் பணிக்கு வழியில்லாத ஊர்ப்புற நூலகர்களுக்கு அந்நாள்களை ஊதியத்துடன் கூடிய விடுப்பாக்கும் அரசாணையை மழைக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும்.