பழைய காரும் பகலிரவுப் பந்தயமும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முதுமொழி. மோட்டார் வண்டிக்கோ இவ்வாக்குப் பொருந்துவதில்லை. வாங்கிவந்த நாளில் ஊரார் சூழ்ந்து நின்று பார்த்த பெரிய கார், பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றபின் கொட்டிலின் மூலையில் துருவேறிக் கிடக்கின்றது. அதன் ஆசனத்தில் கோழி அடைகாக்கின்றது. அத்தகைய காரைத் தேடி வாங்கிப் பந்தயத்தில் ஓட்டுவோரும் உளர். வேடிக்கை போலத் தோன்றும் இச்செயலில், மலைச்சாலையில் பயணம் செய்யும் நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

மோட்டார்ப் பந்தயம் நமக்குப் புதிதன்று. ருவான்வெல்லையை அடுத்த கரவனெல்லையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துள்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக மேலேறும் நெடுஞ்சாலை நுவரெலியாவிற் சென்று முடிகின்றது. அங்கே தேயிலைத் தோட்டத்தின் நடுவே 1934ஆம் ஆண்டில் தொடங்கியதே மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். ஒரு காரின் ஓட்டம் நாம் ஒரு வெற்றிலை மடித்து வாயிலிடுவதற்குள் முடிந்துவிடும். அது விரைவைச் சோதிக்கும் பந்தயம்.

உறுதியைச் சோதிக்கும் பந்தயம் வேறு. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 1923ஆம் ஆண்டு மே மாதம் நடைபெற்ற முதலாவது 24 மணி நேர ஓட்டம் அவ்வகையினது. இரவும் பகலும் ஓயாது ஓடி, வண்டி தாக்குப்பிடிக்கின்றதா என்பதே அங்குக் கேள்வி. 33 கார்கள் புறப்பட்டன. 30 கார்கள் இறுதிவரை நின்றன.

காலப்போக்கில் இத்தகைய ஓட்டம் பெருஞ்செல்வர்க்கே உரியதாயிற்று. அதனைக் கேலி செய்வது போல, 2006ஆம் ஆண்டில் ஜே லாம் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் கலிபோர்னியாவில் புதிய பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். வாங்கி ஏமாந்த காரை ‘எலுமிச்சம்பழம்’ என்று அழைப்பது அமெரிக்கர் வழக்கம். ஆகவே ‘லெ மான்’ என்பதைச் சற்றே திரித்து, ‘24 மணி நேர லெமன்ஸ்’ என்று பெயரிட்டார். காரின் விலையும் அதனைச் சீர்செய்யும் செலவும் சேர்ந்து 500 டொலரைத் தாண்டலாகாது என்பது விதி. மிகுதியாகச் செலவிட்டதாக நடுவர் கருதினால், ஒவ்வொரு 10 டொலருக்கும் ஒரு சுற்று கழிக்கப்படும்.

இவ்வளவு கடுமையான சிக்கன விதியிலும் ஒரு விலக்கு உண்டு. ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூடு, ஆசனம், இடுப்பு தோட் பட்டிகள், தீயணைக்கும் கருவி, பிறேக், சில்லு, டயர் ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு இக்கணக்கிற் சேராது. வண்டியை ஓடச் செய்வதிற் சிக்கனம் வேண்டும். நிறுத்துவதிலும் ஆளைக் காப்பதிலும் சிக்கனம் கூடாது என்பதே இதன் கருத்து.

இப்பந்தயத்திற்குப் பழைய பெரிய கார்களையும் கொண்டுவருவர். பொலிசாருக்கும் வாடகைக்கார்க்காரருக்கும் பல்லாண்டு உழைத்த ‘போர்ட் கிரவுன் விக்டோரியா’ அத்தகையது. 2011ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றது. தனிச் சட்டத்தின் மேல் உடல் அமைந்த கட்டு. எட்டு சிலிண்டர் எஞ்சின். எளிதிற் கிடைக்கும் உதிரிப்பாகங்கள். குறை ஒன்றே. அதன் எடை ஏறக்குறைய 1,800 கிலோகிராம்.

ஆதலின், வேலை களைவதிலிருந்தே தொடங்குகின்றது. பின் ஆசனம், கம்பளம், கதவின் உள்தகடு, குளிரூட்டி யாவும் கழற்றப்படும். பின்னர் உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டிக் கூடு அமைப்பர். றேடியேற்றரைச் சுத்தம் செய்து, கியர்ப்பெட்டி எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக்கருவி பூட்டுவர். எஞ்சினின் வலிமையைக் கூட்டுவதில் அறிவுள்ள குழுவினர் காசைக் கரைப்பதில்லை.

ஏன் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓடும் பொருளின் ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,800 கிலோகிராம் எடையுள்ள காரை மணிக்கு 160 கிலோமீற்றரிலிருந்து 80 கிலோமீற்றருக்குக் குறைக்கும்போது விடுபடும் ஆற்றல், ஏறக்குறைய நாலரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பகுதியைச் சில விநாடிகளில் பிறேக்குகள் ஏற்கவேண்டும். அடுத்த வளைவில் மீண்டும் அதே வெப்பம். இப்படியே நாள் முழுவதும்.

இவ்வெப்பம் பிறேக் எண்ணெயைத் தாக்கும். ‘டொட் 4’ எனப்படும் எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது தரவிதி. ஆயின் அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். மிதி தரைவரை செல்லும், வண்டி நிற்காது.

இவ்விடத்தில் அமெரிக்கப் பந்தயத் திடலை விட்டு நம் சாலைக்கு வருவோம். 10 தொன் எடையுள்ள பேருந்து 500 மீற்றர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல், 160 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கினிகத்தேனை இறக்கத்தில் உயர்ந்த கியரில் வண்டியை விட்டுப் பிறேக்கையே மிதித்துக்கொண்டு வரும் சாரதி, அவ்வளவு சூட்டையும் அதன் தலையில் ஏற்றுகின்றார். தாழ்ந்த கியரிற் போட்டால் எஞ்சினே சுமையிற் பெரும்பங்கை ஏற்கும். மழையும் ஈரமும் மிகுந்த சப்பிரகமுவாவில், பிறேக் எண்ணெயைப் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றுவது வீண்செலவன்று.

நம் நாட்டில் பழைய வண்டிகள் எளிதில் ஓய்வு பெறுவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்ததையே பழுது பார்த்து ஓட்டினோம். அது குறையன்று, நம் கராஜ் தொழிலாளரின் கைத்திறத்திற்குச் சான்று. ஆனால் அத்திறம் முதலில் எதிற் செலவிடப்படுகின்றது என்பதே கேள்வி. முன்னே வண்ண விளக்கு, உள்ளே உரத்த பாட்டு, அடியில் வழுக்கைத் டயர் என்ற நிலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வான்களை நாம் காண்கின்றோமல்லவா?

ஐந்நூறு டொலர்க் காரோட்டிகளும் வறுமையை விளையாட்டாகவே மேற்கொண்டவர்கள். அவர்களே பிறேக்குக்குக் கணக்குப் பார்ப்பதில்லை என்றால், மெய்யாகவே உயிர்களை ஏற்றிச் செல்லும் நாம் பார்க்கலாமா? அடுத்தமுறை வாடகைக்கு வான் பேசும்போது, கூலி எவ்வளவு என்று கேட்குமுன் டயரைக் குனிந்து பாருங்கள். பிறேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று சாரதித் தம்பியிடம் கேளுங்கள். அவர் சிரித்தாலும் சிரிக்கட்டும். கேட்பதற்குக் காசு செலவில்லை.