நிரம்பாத குழி

நம் ஊர் பாடாலூரில் வீடு கட்டும்போது மனையடி பார்க்கிறோம், வாசக்கால் வைக்க நாள் பார்க்கிறோம். கக்கூஸ் குழியை மட்டும் மிச்சமிருக்கும் இடத்தில் தோண்டுகிறோம். கொல்லையில் நாலு முழம் கிடைத்தால் சிமெண்ட் உறையை இறக்கி மூடிவிடுகிறோம். பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்பதில்லை. அடியில் தளமும் போடுவதில்லை. போட்டால் சீக்கிரம் நிரம்பும், கழிவு உறிஞ்சும் லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டும். பத்து வருஷமாக நிரம்பாத குழியை உறவினரிடம் பெருமையாகச் சொன்னவர்கள் நாம். அதில் விழுந்ததெல்லாம் எங்கே போனது?

நம்முடையது பாறை பூமி. கல்குவாரிப் பள்ளங்களை எட்டிப் பார்த்தாலே தெரியும்: மேலே கொஞ்சம் மண், கீழே வெடிப்புவிட்ட பாறை. ஆழமான மண்ணில் கழிவுநீர் மெல்லக் கசியும்; கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே தங்கி மடியும். பாறை வெடிப்பில் அந்த வடிகட்டல் நடக்காது. குழித்தண்ணீர் கிட்டத்தட்ட அப்படியே கிணற்றுக்கும் போருக்கும் போய்விடும். 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். குடலில் வாழ்ந்து மலத்தோடு வெளியேறும் கிருமி அது. தண்ணீரில் அது இருந்தால் டைபாய்டும் மஞ்சள்காமாலையும் வர வழி திறந்திருக்கிறது என்று பொருள். நாமோ தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நம்பினோம். டிடிஎஸ் மீட்டரில் எண் குறைந்தால் இன்னும் நம்பினோம். அது கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குழந்தைக்கு வயிற்றால் போனபோது பல் முளைக்கிறது என்றோம், சூடு என்றோம்.

பொதுக்குழாய் விஷயத்திலும் நாம் பொறுப்பாக இல்லை. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. சாக்கடையை ஒட்டி ஒரு ஜாயிண்ட் கசிந்தால் அழுக்கு உள்ளே வரும். விடும் நேரத்திலும் மோட்டார் போட்டு உறிஞ்சி, நம் தொட்டி நிறைய வேண்டும் என்பதற்காகத் தெருவுக்கே சாக்கடையை இழுத்துக் கொடுக்கிறோம். டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடரைச் சரியாகப் போட்ட நாளில் மருந்து வாடை என்று சண்டைக்குப் போனதும் நாம்தான். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும், வழியில் நுழையும் கிருமியைக் கொல்ல.

லாரி உறிஞ்சிப்போன கழிவு ஓடையில் விழுந்ததா, ஏரி வரத்து வாய்க்காலில் விழுந்ததா என்றும் நாம் விசாரிக்கவில்லை. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே நாளுக்கு 23,000 லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் 2017இல் வந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்து மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம், சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் கழிப்பறைகளைக் கட்டி, சாம்பல் தூவி, மாதக்கணக்கில் உலரவைத்து எருவாக்கிக் காட்டியது. அதை முன்னெடுத்த மராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தியைப் படித்தோம், பேப்பரை மடித்து வைத்தோம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு கேட்டோம், சிமெண்ட் ரோடு கேட்டோம், இன்னொரு போர் கேட்டோம். ஊரிலுள்ள கிணறு, போர் அத்தனையின் தண்ணீரையும் சோதனைப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்து, எது கருத்தது என்று எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்கவில்லை. மலம் கலந்த தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு நாளில் கருத்துக் காட்டிவிடும் எளிய சோதனை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்கு இப்படி நீர் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்றே இருக்கிறது. கேட்டால் நம் வீட்டுக் குழியும் கணக்கில் வந்துவிடும் என்று பயந்தோம்.