நித்திரை வருகிறதா, இருக்கிறதா?



உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் என் மகள், கைத்தொலைபேசியில் ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஓர் இரவு, "வாப்பா, இந்தப் பாஷையில நித்திரை வருகுது எண்டு சொல்லவே ஏலாமல் கிடக்கு" என்றாள். 'வருதல்' என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தாளாம். பிழை என்று வந்ததாம்.

ஸ்பானியம் எனக்கும் புதிது. ஆனால் இந்தப் பிழை எனக்குப் பழையது. அரபு வகுப்பில் இதே வசனத்தை எழுதச் சொன்னால், மாணவர்கள் 'நவ்ம்' வருகிறது என்று எழுதி வைப்பார்கள். நவ்ம் என்றால் உறக்கம். உறக்கத்துக்கு முன் கண்ணைச் சொருகும் சோர்வுக்கு 'நுஆஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. நாமோ இரண்டையும் நித்திரை என்றே சொல்லிவிடுகிறோம்.

ஒவ்வொரு மொழியும் நித்திரையை ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. தமிழில் அது விருந்தாளி; வரும், போகும். சிங்களத்தில் 'மட்ட நிதிமதய்', அதாவது எனக்கு நித்திரை மயக்கம். 'நிதி' என்பதும் நம்முடைய நித்திரையும் ஒரே வேரில் பிறந்தவை. ஸ்பானியர் 'தெங்கோ சுவேஞோ' என்பர். 'என்னிடம் நித்திரை இருக்கிறது' என்பது அதன் நேர்ப்பொருள். இந்த 'சுவேஞோ' கனவையும் குறிக்கும் என்பதால் இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

உறங்குவதற்கு 'தோர்மீர்' என்றும், தன்னையறியாமல் உறங்கிவிடுவதற்கு 'தோர்மீர்ஸே' என்றும் வேறுபடுத்துவார்கள். மகளுக்கு இது விளங்கவில்லை. "நித்திரை கொண்டன் எண்டுறதும், நித்திரையாப் போனன் எண்டுறதும் ஒண்டா?" என்று கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள். புதிய மொழிக்குத் திறப்பு பல வேளை தாய்மொழியில்தான் இருக்கிறது.

பகல் உறக்கத்தை அவர்கள் 'சியெஸ்தா' என்பார்கள். ஆறாம் மணி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் ஆறாம் மணி நண்பகல். நம் கிதாபுகளில் வரும் 'கைலூலா'வும் நண்பகல் ஓய்வுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது தலையணைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்: 'அல்மொஆதா'. இது அசல் அரபுச் சொல், 'அல்மிகத்தா'. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி இருந்தது. அது முடிந்து ஐந்து நூற்றாண்டுகள் கடந்தும் தலையணை அங்கேயே தங்கிவிட்டது! அரபியில் 'கத்' என்றால் கன்னம். கன்னம் சாயும் பொருள் மிகத்தா. நாம் தலையை அணைத்தோம், அரபிகள் கன்னத்தைச் சாய்த்தார்கள். அவசரப்பட்டு முடிவு எடுக்காமல் ஓர் இரவு பொறுப்பதை, 'தலையணையிடம் ஆலோசனை கேட்பது' என்று ஸ்பானியர் சொல்வார்கள்.

இவற்றையெல்லாம் இரவு பதினொரு மணிக்குப் பேசிக்கொண்டிருந்தோம். 'இரவு முழுக்கக் கண் ஒட்டவேயில்லை' என்று நித்திரையின்மையை அவர்கள் சொல்வதாக மகள் வாசித்துச் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் கிடந்த என் உம்மா, "எனக்கும் கண் ஒட்டிக் கன நாள், மகள்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப் பையன். புத்தளத்தில் கழிந்த முதல் இரவுகளில், நாங்கள் கண்ணயரும்வரை உம்மா உட்கார்ந்தே இருந்தது நினைவிருக்கிறது. ஊர் திரும்பிய பின்னரும் அவருக்கு மெல்லிய நித்திரைதான். அது தெரிந்தும், அதே அறையில் நாள்தோறும் நடுநிசிவரை விளக்கும் பாட ஒலியும். பேத்தி படிக்கிறாள் என்று அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பாடம் சுபஹுக்குப் பிறகு நடக்கிறது. நேற்றுக் காலை மகள் தேநீர்க் கோப்பையோடு போய், "வாப்பும்மா, ராத்திரி நித்திரை கொண்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் ஸ்பானியத்தில் முதலிலேயே படித்துவிட்டிருந்தாள்.

வாசகர்களே, பிள்ளைகள் எந்த மொழியையும் படிக்கட்டும். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் நாளை காலை இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.